பெட்டி தள்ளும் புதிர் விளையாட்டு: நிரல் எழுதுவதிலிருந்து சட்டச் சிக்கலின்றி வெளியிடுவது வரை

நிரல் எழுதப் பழகுபவர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் ஏதாவது ஒரு பழைய புதிர் விளையாட்டில்தான். டெட்ரிஸ், 2048, சோகோபான் என்று அந்தப் பட்டியல் போகும். இந்த வழிகாட்டி சோகோபான் வகையைப் பற்றியது. ஒரு கிடங்கு, அதற்குள் ஒரு ஆள், சில பெட்டிகள், அவற்றைக் கொண்டு சேர்க்க வேண்டிய இடங்கள். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பெட்டியைத்தான் தள்ள முடியும். நேரக் கணக்கும் கிடையாது, அதிர்ஷ்டத்துக்கும் இடம் கிடையாது. ஒரே நகர்வுக்கு எப்போதும் ஒரே விளைவுதான் என்பதால் பிழையைப் பிடிப்பது எளிது. முதல் விளையாட்டாக இதை எடுக்கச் சொல்வது அதனால்தான்.

புதியவர்கள் தடுமாறுவது வேலையின் வரிசையில். படம் வரைந்து, ஓசை சேர்த்து, இணையத்தில் ஏற்றிவிட்டு, அப்புறம்தான் "இது சட்டப்படி சரியா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டால் நிரலின் அமைப்பே வேறு மாதிரி வரும். விளையாட்டின் விதிகள் ஒரு கோப்பில், கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதெல்லாம் இன்னொரு கோப்பில் என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். பிழை தேடுவதும் சுலபமாகும், எதை இன்னொருவரிடமிருந்து எடுத்தோம் என்பதும் தெளிவாகத் தெரியும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தப் பிரிவை ஒட்டியே போகின்றன.

தேவையானவை

ஜாவாஸ்கிரிப்ட் அல்லது பைத்தான், இரண்டில் உங்களுக்குப் பழக்கமானது. பட்டியல், சுழற்சி, நிபந்தனை, செயற்கூறு ஆகியவை தெரிந்தால் போதும். விளையாட்டு செய்வதற்கான ஆயத்த மென்பொருளான கேம் எஞ்சின் வேண்டாம். அது தரும் இயற்பியல், மோதல் கணக்கு எதுவும் கட்டப் புதிருக்குத் தேவையில்லை. அதைக் கற்பதிலேயே உற்சாகம் தீர்ந்துவிடும்.

கட்டம் போட்ட தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியைப் பயன்படுத்தத் தெரிந்தால் ஒவ்வொரு படி முடிந்ததும் பதிந்து வையுங்கள். எது எப்போது உங்கள் கையால் உருவானது என்பதற்கு அது பின்னால் ஒரு சான்றாகவும் நிற்கும்.

1. எதை எடுக்கிறோம் என்று முதலில் எழுதி வையுங்கள்

பதிப்புரிமை ஒரு கருத்துக்குக் கிடைப்பதில்லை, அந்தக் கருத்து வெளிப்பட்ட வடிவத்துக்குத்தான் கிடைக்கிறது. இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டம் 1957. ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் ஃபிலிம்ஸ் வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விளக்கமாகச் சொன்னது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் 102(பி) பிரிவு, கருத்து, செயல்முறை, இயங்கும் முறை ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்று நேரடியாகவே சொல்கிறது. ஆக, "பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது" என்ற விதியை யாரும் எடுத்து எழுதலாம்.

இதோடு நிறுத்திக்கொண்டு, "விதிக்கு உரிமை இல்லை, அப்படியானால் எல்லாவற்றையும் எடுக்கலாம்" என்று முடிவு செய்பவர்கள்தான் மாட்டுகிறார்கள். 2009-ல் சியோ இன்டராக்டிவ் என்ற நிறுவனம் ஐஃபோனுக்கு மினோ என்று ஒரு விளையாட்டை வெளியிட்டது. டெட்ரிஸின் விதிகளை மட்டுமே எடுத்தோம் என்பது அவர்கள் வாதம். 2012-ல் நியூ ஜெர்சி ஃபெடரல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. துண்டுகளின் தோற்றம், 10 கட்ட அகலமும் 20 கட்ட உயரமும் கொண்ட ஆடுகளம், துண்டு எங்கே விழும் என்று காட்டும் நிழல், இறங்கி நின்றதும் நிறம் மாறுவது என எல்லாம் சேர்ந்து அச்சு அசலாக இருந்தன. அதே விதிகளை வேறு தோற்றத்தில் தர எத்தனையோ வழி இருக்கும்போது இதையே எடுத்தது ஏன் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

நிரலாளர்கள் இதில் கவனிக்க வேண்டியது 10×20 என்ற அளவு. நமக்கு அது வெறும் இரண்டு எண்கள். நீதிமன்றத்துக்கு அது வெளிப்பாட்டின் ஒரு பகுதி. எனவே விதிக் கோப்பில் இருக்கும் எண்களையும் "இது விளையாட்டு இயங்கக் கட்டாயம் தேவையா, அல்லது அவர்கள் தேர்ந்தெடுத்ததா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள்.

சோகோபான் வகைக்கு இந்தக் கேள்வியைப் போட்டால் கிடைப்பது இதுதான். தள்ளும் விதி, கட்ட அமைப்பு, எல்லாப் பெட்டியும் இலக்கில் நின்றால் வெற்றி: எடுக்கலாம். லெவல்களின் வரைபடம், படங்கள், இசை, பிறர் எழுதிய நிரல்: அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. பெயர்: அது தனிக்கதை, அடுத்த படியில். இந்தப் பட்டியலை ஒரு கோப்பாக எழுதித் திட்டத்துக்குள்ளேயே வையுங்கள்.

"நான் காசு வாங்கவில்லையே", "படிப்புக்காகத்தானே" என்பவை அடிக்கடி கேட்கும் பதில்கள். இலவசமாகக் கொடுப்பதால் மட்டும் மீறல் மீறலில்லாமல் போய்விடாது. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், தனக்குச் சொந்தமான வேர்டில் என்ற சொற்புதிர் விளையாட்டைப் போன்ற திறந்த நிரல் திட்டங்கள் பலவற்றை, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்திலிருந்து நீக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது. அசல் திட்டத்திலிருந்து மற்றவர்கள் பிரித்தெடுத்துப் போட்டிருந்த பிரதிகளும் அதில் அடக்கம். பழகுவதற்காக ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான்.

2. பெயரை இப்போதே முடிவு செய்யுங்கள்

பெயருக்கு உள்ள பாதுகாப்பு பதிப்புரிமை அல்ல, வணிகச் சின்னம் (trademark). பதிப்புரிமை ஒரு காலத்தில் தீரும். வணிகச் சின்னத்தைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். சோகோபான் 1982-ல் ஜப்பானில் திங்கிங் ராபிட் நிறுவனத்தின் பெயரில் வந்தது, உருவாக்கியவர் ஹிரோயுகி இமாபயாஷி. அந்தப் பெயருக்கு இன்றும் உரிமையாளர் இருக்கிறார். டெட்ரிஸுக்கு டெட்ரிஸ் கம்பெனி இருக்கிறது.

எழுத்தை மாற்றித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். சோக்கோபேன், சோகோமேன் என்றெல்லாம் வைப்பது அசலை நினைவூட்டத்தான் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். கிடங்கு, சுமைதூக்கி, தள்ளு என்று சொந்தமாக யோசித்தால் எத்தனையோ பெயர் வரும்.

இதை முதலிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோப்புறை, நிரலின் உள்பெயர்கள், சேமிப்புக் கோப்பு, இணைய முகவரி என்று பெயர் எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் மாற்றினால் எங்காவது ஒன்று விட்டுப்போகும்.

3. லெவலை எழுத்துகளால் எழுதுங்கள்

லெவலைப் படமாகவோ எண்களின் அடுக்காகவோ வைக்க வேண்டாம். இந்த வகை விளையாட்டுக்கு நீண்ட காலமாகவே ஒரு எழுத்து முறை புழக்கத்தில் இருக்கிறது. # சுவர், @ ஆள், $ பெட்டி, . இலக்கு, * இலக்கில் நிற்கும் பெட்டி, + இலக்கில் நிற்கும் ஆள். வெற்றுத் தரைக்கு இடைவெளி விடுவார்கள். நான் சிறுகோடு போடச் சொல்வேன், ஏனென்றால் சில எடிட்டர்கள் வரி முடிவில் உள்ள இடைவெளிகளைத் தாமாகவே வெட்டிவிடும். லெவல் ஏன் உடைந்தது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள நேரும்.

சோதனைக்கு இந்த லெவல் போதும்:

```
######
#@---#
#-$.-#
######
```

கீழே ஒரு படி, வலது பக்கம் ஒரு தள்ளு. புதிர் முடிந்தது. இவ்வளவு சிறியதாக இருப்பதுதான் இதன் பயன், அடுத்த படிகளில் இதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவோம்.

லெவலைப் படிக்கும் செயற்கூறு மூன்று விஷயத்தைச் சரிபார்க்க வேண்டும்: ஆள் ஒருவர்தான் இருக்கிறார், பெட்டிகளும் இலக்குகளும் எண்ணிக்கையில் சமம், ஆள் நடமாடும் பகுதி சுவரால் முழுக்க மூடப்பட்டிருக்கிறது. ஒன்று தவறினாலும் அங்கேயே நின்று பிழை சொல்லட்டும்.

4. நகராததை ஒரு பக்கமும் நகர்வதை ஒரு பக்கமும் வையுங்கள்

புதியவர்களில் மிகப் பலர் விழும் குழி இது. ஒரே கட்டப் பட்டியலில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, பெட்டி நகர்ந்ததும் பழைய கட்டத்தில் "தரை" என்று எழுதிவிடுகிறார்கள். முதல் தள்ளில் எல்லாம் சரியாகவே இருக்கும். மேலே உள்ள லெவலில் பெட்டியை இலக்கில் ஏற்றிய பிறகு, இன்னொரு முறை வலது பக்கம் தள்ளிப் பாருங்கள். வர வேண்டியது இது:

```
######
#----#
#--+$#
######
```

இப்போது ஆளை இடது பக்கம் ஒரு படி நகர்த்தினால் அவர் நின்ற இடத்தில் இலக்குப் புள்ளி தெரிய வேண்டும். ஒரே பட்டியல் வைத்தவர்களுக்கு அங்கே வெறும் தரைதான் இருக்கும். இலக்கு காணாமல் போயிருக்கும், இனி அந்த லெவலை யாராலும் முடிக்க முடியாது.

தீர்வு எளிது. சுவரும் இலக்கும் ஒருபோதும் மாறாதவை. அவற்றைத் தனியாக வைத்து, லெவல் தொடங்கிய பிறகு தொடவே கூடாது. மாறுவது இரண்டே: ஆளின் இடம், பெட்டிகளின் இடங்கள். அவற்றை வரிசை (row) எண், நெடுவரிசை (column) எண் என்ற சோடிகளாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த எண் முதலில் என்று ஒரு முறை முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள். கட்டத்தில் மேலிருந்து கீழே போகப் போக வரிசை எண் கூடும். எனவே "மேலே" என்பது ஒன்றைக் கழிப்பது. பள்ளிக் கணக்கில் வரைபடம் போட்ட பழக்கத்தில் இதைத் தலைகீழாக எழுதுபவர்கள் நிறைய.

5. ஒரே ஒரு நகர்வுச் செயற்கூறு

நான்கு திசைக்கு நான்கு செயற்கூறு எழுத வேண்டாம். திசையை உள்ளீடாக வாங்கும் ஒன்று போதும், இல்லாவிட்டால் ஒரு பிழையை நான்கு இடத்தில் திருத்த வேண்டிவரும். அது செய்ய வேண்டியது:

ஆளுக்கு முன்னால் உள்ள கட்டத்தைப் பார். சுவர் என்றால் ஒன்றும் செய்யாதே. காலி என்றால் ஆளை நகர்த்து. பெட்டி என்றால் அதற்கும் அடுத்த கட்டத்தைப் பார். அங்கே சுவரோ இன்னொரு பெட்டியோ இருந்தால் ஒன்றும் செய்யாதே. இல்லையென்றால் முதலில் பெட்டியையும் அப்புறம் ஆளையும் நகர்த்து.

எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான் மதிப்புகளை மாற்ற வேண்டும். ஆளை நகர்த்திவிட்டு, முடியாது என்று தெரிந்ததும் பின்னால் இழுக்கும் நிரல் ஏதோ ஒரு மூலையில் கண்டிப்பாகச் சொதப்பும்.

செயற்கூறு "நகர்ந்தது" அல்லது "நகரவில்லை" என்று பதில் தரட்டும். நகர்வு எண்ணிக்கைக்கும், கடைசி நகர்வைத் திரும்பப் பெறும் அன்டூவுக்கும் அது தேவைப்படும்.

6. திரையைத் தொடும் முன் சோதியுங்கள்

இதுவரை ஒரு படம்கூட வரையவில்லை. அது வேண்டுமென்றேதான். லெவலை எழுத்துகளாகவே அச்சிடும் சிறு செயற்கூறு எழுதி, நகர்வுகளைக் கொடுத்து, கிடைப்பதை எதிர்பார்த்ததோடு ஒப்பிடுங்கள். சுவரில் மோதுவது, இரண்டு பெட்டிகளை அடுத்தடுத்து வைத்துத் தள்ளுவது, இலக்கிலிருந்து பெட்டியை வெளியே தள்ளுவது ஆகிய மூன்றும் கட்டாயம்.

விதிக் கோப்பு இப்படிப் படமே இல்லாமல் முழுதாக ஓடுகிறது என்றால், பிரிவு சரியாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

7. அன்டூவைத் தள்ளிப்போடாதீர்கள்

இழுக்க முடியாத விளையாட்டில் ஒரு தவறான தள்ளு லெவலையே கெடுத்துவிடும். மேலே பார்த்த இரண்டாவது தள்ளுக்குப் பிறகு பெட்டி மூலையில் மாட்டிக்கொண்டது, அதை இனி எந்தப் பக்கமும் அசைக்க முடியாது. அன்டூ இல்லையென்றால் ஆடுபவர் தொடக்கத்திலிருந்து வர வேண்டும். நான்காவது முறை மூடிவிட்டுப் போய்விடுவார்.

ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் ஆளின் இடத்தையும் பெட்டிகளின் இடங்களையும் நகலெடுத்து, கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் ஒரு அடுக்கில் (stack) போடுங்கள். நகல் என்பதுதான் இங்கே முக்கியம். ஜாவாஸ்கிரிப்டிலும் பைத்தானிலும் பட்டியலை இன்னொரு மாறிக்குக் கொடுத்தால் நகல் உருவாகாது, இரண்டு பெயரும் ஒரே பட்டியலைத்தான் சுட்டும். அன்டூ பொத்தானை அழுத்தினால் ஆள் மட்டும் பின்னால் வருகிறார், பெட்டி வரவில்லை என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். உள்ளே இருக்கும் சோடிகளையும் சேர்த்து நகலெடுங்கள்.

நகராத நகர்வை அடுக்கில் போடாதீர்கள். போட்டால் சுவரில் ஐந்து முறை மோதியவர் ஐந்து முறை அன்டூ அழுத்தியும் ஒன்றும் நடக்காமல் விழிப்பார்.

8. திரையும் விசைகளும்

இப்போது வரையலாம். ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் கட்டம் முழுவதையும் புதிதாக வரைந்துவிடுங்கள். இவ்வளவு சிறிய விளையாட்டில் மாறியதை மட்டும் வரைவதால் கிடைக்கும் வேக மிச்சம் யாருக்கும் தெரியாது, வரும் பிழைகள் எல்லோருக்கும் தெரியும்.

உலாவியில் அம்பு விசைகள் பக்கத்தையே மேலும் கீழும் நகர்த்தும், அந்த இயல்பைத் தடுக்க மறக்காதீர்கள். கைபேசிக்கு விரலால் இழுப்பதோடு திரையில் நான்கு பொத்தான்களும் கொடுங்கள். ஒரு கட்டம் தவறினாலே லெவல் கெட்டுப்போகிற விளையாட்டில் விரல் இழுப்பை மட்டும் நம்ப முடியாது.

பெட்டி வழுக்கிச் செல்வது போன்ற அசைவு வேண்டுமானால் விதிக் கோப்பு உடனே முடிவெடுக்கட்டும், திரை அதை மெதுவாகக் காட்டட்டும்.

9. லெவல்களை நீங்களே உருவாக்குங்கள்

சட்டப்படி இந்த வகையின் உயிர்நாடி லெவல்கள்தான். விதி எல்லோருக்கும் பொது. லெவல் ஒருவர் உட்கார்ந்து யோசித்து வரைந்தது. பழைய விளையாட்டின் லெவல்கள் இணையத்தில் எங்கும் கிடைக்கின்றன என்பதால் அவை பொதுச்சொத்து ஆகிவிடாது. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும், 1982 விளையாட்டுக்கு அந்தக் காலம் வர நெடுநாள் இருக்கிறது. படத்தை மட்டும் மாற்றி அதே லெவல்களை வைப்பதும், கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் திருப்பி வைப்பதும் நகல்தான்.

பிறர் லெவல் வேண்டுமென்றால், பகிர அனுமதித்தவர்களிடமிருந்து எடுங்கள். டேவிட் ஸ்கின்னரின் மைக்ரோபன் தொகுப்பில் 155 சிறு லெவல்கள் இருக்கின்றன, பெயரைக் குறிப்பிட்டால் பகிரலாம் என்பது அவர் வைத்த நிபந்தனை. அந்தப் பெயரை விளையாட்டுக்குள்ளேயே தெரியும்படி போடுங்கள்.

சொந்தமாக வரைவது எளிதுதான், பின்னோக்கி வந்தால். பெட்டிகளை இலக்கில் வைத்துத் தொடங்கி, ஆள் அவற்றை இழுப்பதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவாருங்கள். இழுத்த வழியைத் திருப்பினால் அதுவே தள்ளும் வழி. எனவே லெவலுக்குக் கண்டிப்பாகத் தீர்வு இருக்கும். முன்னோக்கி வரைபவர்கள் அழகான, தீர்க்கவே முடியாத லெவல்களைத்தான் அதிகம் உருவாக்குகிறார்கள்.

அப்புறம் ஒரு தீர்வு தேடும் நிரலும் எழுதிக்கொள்ளுங்கள். தொடக்க நிலையிலிருந்து ஒரு நகர்வில் எட்டும் நிலைகள், அவற்றிலிருந்து எட்டுபவை என்று அகலவாக்கில் தேடி, பார்த்த நிலைகளைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். குறிக்கும் முன் பெட்டிகளின் இடங்களை வரிசைப்படுத்துங்கள். முதல் பெட்டியும் இரண்டாம் பெட்டியும் இடம் மாறி நின்றால் நமக்கு அது ஒரே நிலை, நிரலுக்கு வேறு வேறு நிலை. வரிசைப்படுத்தாவிட்டால் தேடல் தேவையில்லாமல் பலமடங்கு ஊதிப்போகும். இலக்கில்லாத மூலையில் பெட்டி விழும் நிலைகளை உடனே கழித்துவிடுங்கள்.

மூன்று நான்கு பெட்டிகள் உள்ள சிறு லெவல்களுக்கு இது நன்றாகவே ஓடும். பெரிய லெவலில் நின்றுவிட்டால் கவலை வேண்டாம். இந்தப் புதிர் பொதுவடிவில் பிஸ்பேஸ்-முழுமை என்ற கடின வகுப்பைச் சேர்ந்தது என்று 1997-ல் ஜோசப் கல்பர்சன் நிறுவினார். நிரல் திணறுவது இயல்புதான்.

நீங்கள் தீர்வை நினைத்து வரைந்த நகர்வுகளைவிட நிரல் கண்டுபிடித்தது மிகக் குறைவாக இருந்தால், லெவலில் எங்கோ ஒரு குறுக்குவழி இருக்கிறது. நல்ல லெவலுக்கும் சாதாரண லெவலுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்தக் குறுக்குவழியை அடைப்பதில்தான்.

10. படம், ஓசை, எழுத்துரு, பிறர் நிரல்

ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்து வந்தது, யார் செய்தது, என்ன உரிமம் என்று ஒரு வரி எழுதுங்கள். எடுத்த அன்றே எழுதுங்கள். பின்னால் தேடினால் கிடைக்காது.

விளையாட்டுகளுக்கான படங்களைத் தரும் கென்னி தளத்தின் படத்தொகுப்புகள் சிசி ஜீரோ உரிமத்தில் கிடைக்கின்றன, பெயர் போடாமலும் பயன்படுத்தலாம். ஓப்பன்கேம்ஆர்ட் போன்ற தளங்களில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமம் வேறு. தமிழில் எழுத்துகள் காட்ட நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு திறந்த உரிமத்தில் இருக்கிறது, உரிமக் கோப்பையும் சேர்த்து வையுங்கள்.

நிரலில் எம்ஐடி உரிமம் என்றால் உரிமைக் குறிப்பை அப்படியே வைத்திருக்க வேண்டும். கேப்ரியேலே சிருல்லி 2014-ல் வெளியிட்ட 2048 இந்த உரிமத்தில் உள்ளது, ஆனாலும் அதை எடுத்தவர்களில் பலர் முதலில் அழித்தது அந்தக் குறிப்பைத்தான். ஜிபிஎல் என்றால் உங்கள் விளையாட்டை வெளியிடும்போது அதன் மூல நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். உரிமமே எழுதப்படாத நிரலைப் பலர் இலவசம் என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு: அனுமதி தரப்படாததால் எல்லா உரிமையும் எழுதியவருடையது.

11. வெளியிடும்போதும், நோட்டீஸ் வந்தாலும்

விளக்கத்தில் "பெட்டி தள்ளும் புதிர்" என்று எழுதுங்கள். பழைய பெயரைத் தலைப்பிலும் படச்சின்னத்திலும் தேடுசொற்களிலும் நுழைக்க வேண்டாம். ஆப்பிளின் விதிமுறையில் பிறர் செயலியைப் போலச் செய்வதற்கென்றே 4.1 என்று ஒரு பிரிவு இருக்கிறது. நீதிமன்றம் வரை போகாமலே செயலி நிராகரிக்கப்படலாம். விற்கப் போகிறீர்கள், அதுவும் டெட்ரிஸ் போல உரிமையாளர் விழிப்பாக இருக்கும் ஒன்றை ஒட்டியது என்றால், வெளியிடும் முன்னமே வழக்கறிஞரைப் பாருங்கள்.

நோட்டீஸ் வந்தால் முதலில் எந்தப் பகுதியைச் சொல்கிறார்கள் என்று படியுங்கள். படமா, லெவலா, பெயரா? புகார் நியாயமானது என்றால் அந்தக் கோப்பை மட்டும் மாற்றிவிட்டு அதைத் தளத்துக்குத் தெரிவியுங்கள். விதிக் கோப்பைத் தொட வேண்டியிருக்காது.

புகார் தவறு என்று உறுதியாக நினைத்தால் அமெரிக்கத் தளங்களில் எதிர் அறிவிப்பு அனுப்பலாம். எதிர்த் தரப்பு வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களில் உங்கள் கோப்பு திரும்ப வரும். ஆனால் அந்தப் படிவத்தில் பொய்ச் சாட்சியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டு உறுதிமொழி தர வேண்டும், உங்கள் பெயரும் முகவரியும் புகார் தந்தவருக்குப் போகும், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர் அந்நாட்டு நீதிமன்றத்தின் அதிகார வரம்பையும் ஏற்க வேண்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தும் விஷயமாக இதை நினைத்துவிடாதீர்கள். முதல் படியில் எழுதிய பட்டியலையும் கிட் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு, அதன் பிறகு அனுப்புங்கள்.